பரண்மேல் இருக்கும் அந்த ஃபிளாப்பிப் பெட்டியைப் பற்றி

தமிழ்த் திரையிசைக்காக இணையத்தில் முதன்முதலில் கூடியவர்களுக்கும், குழு நடத்தியவர்களுக்கும், பாட்டு வரிகளைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சிட்டவர்களுக்கும்,

வணக்கம்.

1990களிலும் 2000களின் முதல் சில ஆண்டுகளிலும் நீங்கள் எழுதிச் சேர்த்த மடல்கள், படவாரியான பாடல் பட்டியல்கள், ராகக் குறிப்புகள், ஒலித்துண்டுகள் ஆகியவற்றில் பெரும்பகுதி இன்று வலையில் இல்லை. உங்களில் சிலரது வீட்டில், பழைய கணினியிலோ ஃபிளாப்பி என்ற பழைய சேமிப்புத் தகட்டிலோ வட்டிலோ மட்டும் இருக்கிறது. அதை இந்த ஆண்டு முடிவதற்குள் படியெடுத்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். எப்படி எடுப்பது, எதில் கை வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். அக்கறை இருந்தும், செய்முறை தெரியாததால் பாழான பெட்டிகள் நிறைய.

வலையில் போட்டதெல்லாம் பத்திரமாக இருக்கும் என்றுதான் அன்று எல்லோரும் நம்பினோம். ரசிகர்களின் சொந்தப் பக்கங்கள் பல குடியிருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர் 26 அன்று மூடப்பட்டது. மடற்குழுச் சேவையான ஒன்லிஸ்ட், அதேபோன்ற ஈகுரூப்ஸில் கலந்தது, ஈகுரூப்ஸை 2000இல் யாகூ வாங்கியது. அங்கெல்லாம் பிறந்த குழுமங்கள் கடைசியில் யாகூ குழுமங்களாயின. 2019 டிசம்பரில் அந்தக் குழுமங்களின் மடல்களும் கோப்புகளும் வலையிலிருந்து அகற்றப்பட்டன. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே நின்றது. அதற்கும் முந்தைய யூஸ்நெட் (பொது விவாதக் குழுக்களின் வலையமைப்பு) மடல்கள், ரெக்.மியூசிக்.இண்டியன்.மிஸ்க், சோக்.கல்ச்சர்.தமிழ் போன்றவற்றில் வந்தவை, ஓரளவு தப்பின. 1995இல் தொடங்கிய டேஜா நியூஸ் அவற்றைத் திரட்டியது, 2001இல் கூகுள் அந்தத் திரட்டை வாங்கியது. ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. அன்று சிலர் தங்கள் மடலின் தலைப்பகுதியில் 'எக்ஸ்-நோ-ஆர்க்கைவ்: யெஸ்' (சேமிக்க வேண்டாம் என்று பொருள்) என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். அந்த வரி இருந்த மடலை டேஜா நியூஸ் சேமிக்கவில்லை. கேள்வி இருக்கும், விடை இருக்காது. அந்த விடை எங்காவது இருந்தால், அன்று அதைப் படித்துத் தன் கணினியில் சேமித்தவரிடம்தான் இருக்கும்.

இவற்றின் மதிப்பு என்ன என்று உங்களில் சிலரே கேட்கிறீர்கள். நிமிடத்துக்கு 45 சுழற்சி சிறு இசைத்தட்டில் பொதுவாக நான்கு பாட்டுதான் கொள்ளும். படத்தில் ஆறு இருந்தால் மிச்சம் இரண்டு தட்டிலேயே வராமல் போனதுண்டு. தட்டின் மேலொட்டியில் ஒரு பாடகர் பெயர், கேசட் அட்டையில் வேறு பெயர், படத்தின் எழுத்தோட்டத்தில் எல்லாப் பெயரும் மொத்தமாக. எந்தப் பாட்டை யார் பாடினார் என்பதை இலங்கை வானொலி அறிவிப்பாளர் சொல்லக் கேட்டு நினைவில் வைத்திருந்தவர்கள்தான் பல இடங்களில் ஒரே சான்று. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்ததே 1995 ஆகஸ்ட் 15இல்தான். அதற்கு முன் இந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் வெளிநாட்டு வேலையிலும் இருந்தவர்கள். ஒருவர் பெட்டியில் கேசட், இன்னொருவர் ஊரில் தட்டு, மூன்றாமவரிடம் நினைவு மட்டும். மூன்றையும் மடல் வழியே ஒட்டவைத்து உண்டானவை அந்தப் பட்டியல்கள். இன்று வலையில் சுற்றும் பல பட்டியல்கள் அவற்றின் நகல்தான். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்ற வாதம் மட்டும் நகலில் விடுபட்டது. எங்களுக்கு வேண்டியது அந்த வாதம்.

இனிச் செய்முறை.

முதலில், பழைய கணினியை 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று மின்சாரம் கொடுத்து இயக்காதீர்கள். இருபது வருடம் சும்மா இருந்த மின்வழங்கியில் மின்தேக்கிகள் உப்பியிருக்கலாம். வன்தட்டுக்கு மிச்சமிருப்பது இன்னும் ஒரே ஒரு ஓட்டமாகவும் இருக்கலாம். அந்த ஓட்டம் படியெடுக்கும் ஓட்டமாக இருக்கட்டும். வன்தட்டைக் கழற்றி, 40 ஊசி ஐடிஇ வகை என்றால் யுஎஸ்பி மாற்றியில் பொருத்துங்கள். மடிக்கணினித் தட்டுக்கு 44 ஊசி, அதற்குத் தனி மாற்றி. பின்புற ஊசிகளில் செருகியிருக்கும் குறுங்கட்டை (ஜம்பர்) 'மாஸ்டர்' நிலையில் இருக்க வேண்டும், 'ஸ்லேவ்' நிலையில் இருந்தால் சில மாற்றிகள் தட்டை அடையாளம் காணா. விண்டோஸில் நேரே செருக வேண்டாம். செருகிய நொடியே அது தன் கோப்புறைகளை அந்தத் தட்டில் எழுதத் தொடங்கிவிடும். தட்டில் எதுவும் எழுதப்படாமல் காக்கும் எழுத்துத் தடுப்பான் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பென்டிரைவில் ஓடும் லினக்ஸ் போதும், தட்டை ஏற்றாமலே (அதன் கோப்புகளைத் திறக்காமலே) டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு முழுப் பிம்பம், அதாவது தட்டின் அச்சு அசலான நகல், எடுக்கலாம். டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் எளிதாக வரும் பகுதிகளை எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். அந்தக் கோப்பை அழிக்காதீர்கள், நாளை வேறு கருவியில் விட்ட இடத்திலிருந்து தொடர அது வேண்டும். தட்டிலிருந்து டிக் டிக் என்று சீராகத் தட்டும் ஓசை வந்தால் உடனே மின்சாரத்தை எடுத்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம், உள்ளே ஈரம் படிந்து தட்டின் பரப்பு கெடும்.

ஃபிளாப்பிக்கு வருவோம். பிசியின் வழக்கமான மூன்றரை அங்குல ஃபிளாப்பியில் 80 தடம், இரண்டு பக்கம், தடத்துக்கு 18 பகுதி, பகுதிக்கு 512 பைட். ஆக 14,74,560 பைட். நூறு ஃபிளாப்பி சேர்ந்தாலும் 150 எம்பி வராது, ஆகவே 'எது முக்கியம்' என்று பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டாம், எல்லாவற்றையும் எடுங்கள். மூலையில் உள்ள சிறு தாழை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வைத்தால் எழுத்துத் தடை. செருகும் முன் உலோகக் கதவை விரலால் தள்ளி, பழுப்புத் தகட்டை வெளிச்சத்தில் மெல்லச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ மங்கலான திட்டோ தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சர்வசாதாரணம். அதை அப்படியே செருகினால் பூஞ்சை படிப்புமுனையில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல ஃபிளாப்பிகளையும் கீறும். ஒரே ஒரு கெட்ட ஃபிளாப்பியால் ஒரு பெட்டியே போகும். பூஞ்சை கண்டவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, காயவிட்டு, கடைசியில் எடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் பின் முனையையும் துடைத்துவிட்டு. யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவுகள் வழக்கமான பிசி வடிவத்தைத்தான் படிக்கும். பழைய மேக் கணினியின் 800 கேபி ஃபிளாப்பி என்றால் காந்த அலையையே பதிவு செய்யும் கிரீஸ்வீசில் போன்ற பலகையும், பழைய உள்பொருத்து டிரைவும் வேண்டும். 'ஃபார்மேட் செய்யவா' என்று கணினி கேட்டால் ஒருபோதும் ஆம் என்று சொல்லாதீர்கள்.

எழுதத்தக்க குறுவட்டில் வேறு கவனம். மேலே ஒட்டிய தாளைப் பிய்க்கக் கூடாது, ஒளி தெறிக்கும் படலம் அந்தப் பக்கம்தான் மெல்லிய அரக்குக்குக் கீழே இருக்கிறது, தாளோடு அதுவும் வரும். துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல. பலர் தவறவிடுவது இன்னொன்று. அன்று வட்டு விலை அதிகம், ஒரே வட்டில் நாலு தடவை எழுதுவோம், ஒவ்வொரு தடவையும் ஓர் அமர்வு. முந்தைய அமர்வை இணைக்காமல் அடுத்ததை எழுதியிருந்தால், இப்போது திறக்கும்போது கடைசி அமர்வு மட்டுமே தெரியும். 40 எம்பிதான் இருக்கிறதே என்று வட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள், எழுதிய பகுதி நிறம் மாறி வளையம் வளையமாகத் தெரியும். வளையம் அகலமாகவும் கோப்பு குறைவாகவும் இருந்தால் உள்ளே பழைய அமர்வு இருக்கிறது, அமர்வுவாரியாகப் படிக்கும் மென்பொருளால் எடுக்கலாம்.

பிம்பம் கைக்கு வந்ததும் மடல்களைத் தேடுங்கள். அன்றைய மடல் மென்பொருள்களில் நெட்ஸ்கேப் தன் மடல்களைப் பின்னொட்டே இல்லாத கோப்பில் வைக்கும், 'இன்பாக்ஸ்' என்று வெறும் பெயர்தான் இருக்கும், பக்கத்தில் எஸ்என்எம் பின்னொட்டில் ஒரு அட்டவணைக் கோப்பு. வேண்டியது முதல் கோப்பு. யுடோரா என்றால் எம்பிஎக்ஸ் கோப்புகள். ஆனால் யுடோரா இணைப்புகளை மடலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்புறையில் போட்டுவிடும், அதையும் சேர்த்து எடுக்காவிட்டால் 'பட்டியல் இணைப்பில்' என்று மடல் சொல்லும், பட்டியல் இருக்காது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்றால் டிபிஎக்ஸ். எந்த மென்பொருளானாலும் பழைய கோப்பை அதிலேயே திறந்து 'சுருக்கு' என்ற கட்டளையைக் கொடுக்காதீர்கள். அழித்த மடல்கள் சுருக்கும் வரை கோப்பினுள்ளேயே கிடக்கும், மீட்க முடியும்.

குழு நடத்தியவர்கள் பலரிடம் நாள்தொகுப்பு (ஒரு நாளின் மடல்கள் சேர்ந்த ஒரே மடல்) மட்டும் இருக்கும். அதுவும் வேண்டும். ஆனால் தொகுப்பில் ஒவ்வொரு மடலின் தனி அடையாள எண்ணும், எதற்கு மறுமொழி என்ற குறிப்பும் உதிர்ந்திருக்கும். தனித்தனி மடலாகப் பெற்ற உறுப்பினர் ஒருவரது கோப்பு கிடைத்தால் இரண்டையும் பொருத்தி, எந்த மடலுக்கு எது மறுமொழி என்ற இழையை மீட்கலாம். ஆகவே 'என்னிடம் இருப்பது எல்லாரிடமும் இருக்குமே' என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது எல்லாவற்றிலும் சிக்கலான இடம்: எழுத்து. பெரும்பாலான பிழை இங்கேதான் நேர்கிறது, அதுவும் திரும்பப் பெற முடியாத பிழை. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் இருந்தும், நம் கணினிகள் அதைச் சரியாகக் காட்ட வெகுகாலம் ஆயிற்று. அதுவரை மயிலை, பாமினி, திஸ்கி, 1999 சென்னை மாநாட்டில் அறிவிக்கப்பட்ட டாப், டாம் என்று ஆளுக்கொரு குறிமுறை (எந்த எண் எந்த எழுத்து என்ற ஏற்பாடு). எழுத்துரு இல்லாமல் திறந்தால் தமிழ் தெரியாது. மேலெழுத்துக் குறியுள்ள ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்து, நடுவே ஆங்கிலச் சொற்கள் ஒழுங்காக இருந்தால் திஸ்கி அல்லது டாப். சாதாரண ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கலந்து தெரிந்தால் பெரும்பாலும் பாமினி வகை. யாழ்ப்பாணத்திலிருந்தும் ஐரோப்பிய ஈழத்தமிழரிடமிருந்தும் வந்தவற்றில் இதை முதலில் சோதியுங்கள். வலைப்பக்கமாக இருந்தால் மூலத்தில் எழுத்துருவின் பெயரே எழுதியிருக்கும். அந்த எழுத்துருக் கோப்பும் உங்கள் தட்டில் இருந்தால் அதையும் கட்டாயம் எடுங்கள், அதுதான் திறவுகோல்.

எக்காரணத்தைக் கொண்டும் அந்தக் கோப்பை இன்றைய எடிட்டரில் திறந்து 'சேமி' என்று அழுத்தாதீர்கள். எடிட்டர் அதைத் தன் ஊகப்படி யூடிஎஃப்-8 ஆக மாற்றி எழுதும், புரியாத பைட் எல்லாம் ஒரே கேள்விக்குறியாகிவிடும். பிறகு யாராலும் மீட்க முடியாது. நகலை மட்டும் மாற்றுங்கள். திஸ்கியை லினக்ஸில் குறிமுறை மாற்றும் ஐகான்வ் என்ற நிரல் அறியும். திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதும் முறை: 'கொ' என்பதில் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். யூனிகோடிலோ க முதலில், உயிர்க்குறி பின்னால். மாற்றும் நிரல் சரியாக வேலை செய்யாவிட்டால் கொம்பு முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

மாற்றிய பின் எதைச் சோதிப்பது? நம் துறைக்கு மூன்று பெயர் போதும். 'சௌந்தரராஜன்' என்று தேடுங்கள். பிறகு ஔகாரத்துக்குப் பதில் கொம்பும் ளகரமுமாக, 'செளந்தரராஜன்' என்று தேடுங்கள். இரண்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஒரே கோப்பில் இரண்டும் வந்தால் டி.எம்.எஸ். பாடிய பாட்டில் ஒரு பகுதி எந்தத் தேடலிலும் சிக்காது. அடுத்து 'ஸ்ரீனிவாஸ்'. ஸ்ரீ எழுத்தை ஸகரத்தால் எழுதுவது பழைய வழக்கம். 2005இல் யூனிகோடில் ஶகரம் சேர்ந்தபின் சில மாற்றிகள் அதை வைத்து எழுதுகின்றன. மூன்றாவது 'ர்' வரும் எந்தப் பெயரும். பழைய விசைப்பழக்கத்தில் ரகரத்துக்குப் பதில் துணைக்காலைத் தட்டி மேலே புள்ளி வைத்தவர்கள் ஏராளம். இவற்றைத் தேடல் நகலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரலாம். மூலத்தில் கை வைக்க வேண்டாம்.

ரோமன் எழுத்தில் தட்டச்சிட்ட பாடல் வரிகளைத் தானியங்கியாகத் தமிழாக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். பள்ளியும் பல்லியும் அதில் ஒரே கோலம். நெடில் குறிக்காதவர் எழுதினால் மனமும் மானமும் ஒன்று. பாட்டைக் கேட்டு ஒருவர் உட்கார்ந்து எழுதினால்தான் சரியாகும். அதுவரை ரோமனாகவே இருக்கட்டும். இன்னொன்று, எட்டாவது பிட்டை வெட்டிவிடும் பழைய மடல் வழங்கிகளைக் கடந்து வந்த திஸ்கி மடல்கள். வெட்டுப்பட்டவை எந்த எழுத்துருவிலும் தமிழாகத் தெரியாது, தமிழுக்கு 128க்கு மேல் இருக்க வேண்டிய பைட் எல்லாம் 128க்குக் கீழே இருக்கும். அதே மடல் வேறு வழியில் போன இன்னொருவரது பெட்டியில் முழுதாக இருக்கலாம். ஆகவே அதையும் அழிக்காமல் அடையாள எண்ணோடு வைத்திருங்கள்.

ஒலித்துண்டுகளில் பெரிய ஏமாற்றம் ஒன்று காத்திருக்கிறது. ரியல் ஆடியோ 1995இல் வந்தபோது ரசிகர் பக்கங்கள் எல்லாம் அதில்தான் பாட்டு வைத்தன, காரணம் எளிது. நாலு நிமிடப் பாட்டு குறுவட்டுத் தரத்தில் 42 எம்பி, 128 கிலோபிட் எம்பி3யில் 3.8 எம்பி, முதல் ரியல் ஆடியோவில் சுமார் 240 கேபி. 28.8 மோடத்தில் ஒரு எம்பி இறங்க ஐந்து நிமிடம் ஆன காலம் அது. ஆனால் பக்கத்தில் சொடுக்கிச் சேமித்தால் பெரும்பாலும் கிடைத்தது 'ரேம்' பின்னொட்டுக் கோப்பு. அது பாட்டல்ல, பாட்டு எங்கே இருக்கிறது என்ற ஒற்றை வரி முகவரி. கோப்பு 100 பைட் அளவில் இருந்தால் அதுதான். ஆனாலும் எறியாதீர்கள், அதிலுள்ள கோப்புப் பெயரை வைத்து வேறொருவர் வட்டில் உள்ள ஒலியை அடையாளம் காணலாம். 'ஆர்ஏ', 'ஆர்எம்' பின்னொட்டுடன் 100 கேபிக்கு மேல் இருந்தால் ஒலி. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் அதைத் திறக்கும், மூலத்தோடு தரம் குறையாத எஃப்எல்ஏசி நகல் ஒன்று எடுத்து வையுங்கள், எம்பி3 ஆக்கி மறுபடியும் நசுக்க வேண்டாம். எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்றத்தில், உரைக்கான எழுத்து முறையில் அனுப்பிய ஒலிக்கோப்பும் மிடி கோப்பும் வரிமுடிவு பைட்கள் மாறிக் கெட்டிருக்கும். திறக்காவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுவே. மிடியைப் பற்றி ஒன்று: அதில் ஒலியே கிடையாது, எந்தச் சுரம் எவ்வளவு நேரம் என்ற கட்டளை மட்டும். அன்றைய ஒலியட்டையில் கேட்ட வீணை இன்று வேறாகக் கேட்கும். எந்த அட்டையில் அமைத்தது என்று நினைவிருந்தால் குறிப்பில் எழுதுங்கள்.

தேதிகளைத் திருத்தாதீர்கள். பழைய வருகையாளர் பதிவேடுகளில் 2000ஆம் ஆண்டு '19100' என்று இருக்கும். 1900இலிருந்து எண்ணிய 100ஐ 19க்குப் பக்கத்தில் ஒட்டிவிட்ட நிரல்பிழை அது. பார்த்தவுடன் ஆண்டு தெரிகிறது, இருந்துவிட்டுப் போகட்டும். பாடகர் பெயரில் பிழை இருந்தாலும் அப்படியே விட்டு, பக்கத்தில் தனிக் குறிப்பு எழுதுங்கள். எந்தத் தவறு எங்கிருந்து பரவியது என்று பின்னால் வருபவர் கண்டுபிடிக்க அந்தப் பிழையே தடயம்.

யாருக்குக் காட்டலாம் என்பதில் தயக்கம் இருப்பது நியாயம். மடல் எழுதியவருக்கு உரிமை உண்டு. அன்று பலர் தொலைபேசி எண், வீட்டு முகவரி எல்லாம் கையெழுத்துப் பகுதியில் போட்டார்கள். அதனால் மூலம் பூட்டி இருக்கட்டும், பிறர் பார்க்கும் நகலில் மின்னஞ்சல், எண், முகவரி மறைக்கப்படட்டும். குழுவுக்கு வெளியே இருவர் தமக்குள் எழுதிக்கொண்ட மடல்களைச் சேர்க்க வேண்டாம். பாட்டுகளைப் பொறுத்தவரை, இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு உரிமை. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். ஆகவே பெரும்பாலான ஒலிகளைப் பொதுவில் ஏற்ற முடியாது. காப்பதற்கு அது தடையாகிவிட வேண்டாம்.

எடுத்தவற்றை மூன்று படியாக வையுங்கள், ஒன்று வேறு ஊரில். பிம்பங்களுக்கு எஸ்எச்ஏ-256 கூட்டெண் (கோப்பின் விரல்ரேகை போன்றது) எடுத்துத் தனி உரைக் கோப்பில் வையுங்கள், ஆண்டுக்கொரு முறை ஒப்பிட்டால் ஒரு பிட் மாறினாலும் தெரியும். அதே கோப்புறையில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று: எந்தக் குழு, எந்த ஆண்டுகள், என்ன மென்பொருள், யார் யார் பட்டியல் போட்டார்கள், எந்தக் குறிமுறை. இதை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து ஆவணங்களுக்கு நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகளிடம் நாங்கள் வேண்டுவது, இந்த மின்பதிவுகளையும் அச்சு ஆவணத்துக்கு இணையாகக் கருதி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. பாட்டுப் புத்தகத்துக்கு அடுத்த தலைமுறை இவைதான்.

கடைசியாக ஒன்று. நம் கூட்டத்தில் சிலர் இப்போது இல்லை. அவர்கள் வீட்டாருக்கு அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாது, அடுத்த போகிக்கு வெளியே போய்விடும். அவர்களைத் தெரிந்தவர்கள் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியின் மேலும் தடித்த பேனாவால் இன்றே எழுதி ஒட்டிவையுங்கள்: 'பாட்டுக் குழு மடல்கள். எறிய வேண்டாம். ஃபார்மேட் செய்ய வேண்டாம்.'

அன்புடன்,
பழைய மின்பதிவுகளைக் காக்கும் பணியில் உள்ள ரசிகர்கள்